சேர்த்து வைத்த இணைப்பு தேடும்போது கிடைக்க வேண்டும்

கணினி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், புக்மார்க்குகளை பிரவுசரில் குவிக்காமல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் திரையில்) 'புக்கு' என்ற சிறிய மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான்.

மேடம், காவிரிப் படுகையின் பாசன வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் ஆயிரக்கணக்கான புக்மார்க்குகள் இருக்கின்றன, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக. தேவைப்படும்போது ஒன்றும் அகப்படுவதில்லை, மறுபடி கூகுளில்தான் தேடுகிறேன். எனக்கு புரோகிராமிங் தெரியாது. புக்கு எனக்கு உதவுமா?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கும்பகோணம்

உதவும். புரோகிராமிங் தேவையில்லை. நான்கைந்து கட்டளைகள் கைக்குப் பழகினால் போதும்.

உங்கள் சிக்கல் ஃபோல்டரில்தான் தொடங்குகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் செய்த வேலைகளைச் சொல்லும் ஒரு பழைய அறிக்கை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் 'கொள்ளிடம்' ஃபோல்டரில் போடுவீர்களா, 'கம்பெனி காலம்' ஃபோல்டரிலா, 'அணைகள்' ஃபோல்டரிலா? சேர்க்கும் அன்று ஒன்று சரியென்று படும். ஆறு மாதம் கழித்துத் தேடும் அன்று வேறொன்று சரியென்று படும். டேக், அதாவது இணைப்போடு ஒட்டி வைக்கும் அடையாளச் சொல் என்றால் இந்த மூன்றையும் ஒரே இணைப்புக்குக் கொடுத்துவிடலாம், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது கிடைக்கும்.

புக்கு என்பது ஆங்கிலத்தில் பி, யு, கே, யு என்ற நான்கே எழுத்து. அருண் பிரகாஷ் ஜனா 2015இல் தொடங்கிய திறமூல மென்பொருள், பைத்தானில் எழுதப்பட்டது. உபுண்டு லினக்ஸில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் புக்கு' என்று கொடுத்தால் வந்துவிடும். (இந்தப் பக்கத்தில் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

முதலில் பழைய சரக்கை உள்ளே கொண்டுவாருங்கள். ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு 'புக்கு மைனஸ் மைனஸ் ஏஐ' என்று கொடுங்கள். இந்த ஏஐக்கும் இப்போது எல்லோரும் பேசும் ஏஐக்கும் தொடர்பில்லை, ஆட்டோ இம்போர்ட் என்பதன் சுருக்கம். வழியில் அது சில கேள்விகள் கேட்கும். ஃபோல்டர் பெயர்களை டேக்காகச் சேர்க்கவா என்பது அதில் ஒன்று. 'ஒய்' என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் நீங்கள் பிரித்து அடுக்கிய உழைப்பு அப்படியே டேக்காக மாறிவிடும்.

அப்புறம் புதிதாக ஒன்றைச் சேர்க்க: புக்கு, இடைவெளி, மைனஸ் ஏ, இடைவெளி, முகவரி, இடைவெளி, டேக்குகள். டேக்குகளுக்கு நடுவே கமா. பக்கத்தின் தலைப்பை அதுவே போய் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சேர்த்த முகவரி என்றால் இரண்டாம் முறை ஏற்காது. தேட இரண்டு வழிகள். மைனஸோடு சின்ன எழுத்து எஸ் போட்டால் நீங்கள் கொடுக்கும் சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காட்டும், பெரிய எழுத்து எஸ் போட்டால் எல்லாச் சொற்களும் இருந்தால்தான் காட்டும். உங்களைப் போல் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் பெரிய எஸ்ஸையே பழகுங்கள். முடிவுகள் எண்ணோடு வரும், எண்ணைத் தட்டினால் பக்கம் பிரவுசரில் திறக்கும்.

நான் மிக முக்கியமாக நினைப்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். மைனஸ் சி போட்டு ஒரு குறிப்பு எழுதலாம். தயவுசெய்து எழுதுங்கள். ஆவணத்தின் தலைப்பு அதை எழுதியவருடைய சொல். நீங்கள் அதை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். '4ஆம் அத்தியாயத்தில் மதகுகளின் அளவு அட்டவணை, குடிமராமத்து பற்றி ஒரு கடிதம்' என்று ஒரு வரி போதும். பின்னால் 'மைனஸ் மைனஸ் டீப்' சேர்த்து (அது என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) 'மதகு' என்று தேடும்போது, தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாத அறிக்கையும் வந்து நிற்கும். குறிப்பில்லாத ஆயிரம் இணைப்புகளைவிடக் குறிப்புள்ள நூறு இணைப்புகள் ஓர் ஆய்வாளருக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். பழையவை எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து எழுத வேண்டாம். ஒவ்வொன்றும் தேடலில் கண்ணில் படும்போது எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. புக்கு தரும் எண்களை நோட்டில் குறித்து வைக்காதீர்கள். நடுவில் ஒன்றை அழித்தால், கடைசியில் இருக்கும் பதிவு அந்த எண்ணுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழில் டேக் வைக்கலாமா? தமிழ் முகவரிகளைக் காப்பி செய்தால் ஏதோ சதவீதக் குறிகளாக நீண்டுகொண்டே போகிறதே, அதை என்ன செய்வது?
– கல்லூரி நூலகர், பாளையங்கோட்டை

தாராளமாக வைக்கலாம். என்னுடைய டேக்குகள் பெரும்பாலும் தமிழ்தான்: எழுத்துரு, அகராதி, வரைபடம், அம்மா மருந்து. டேக்குக்குள் இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, கமாதான் பிரிக்கும்.

சதவீதக் குறி விஷயம் பயப்பட வேண்டியதில்லை. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக எழுதப்படுகிறது. ஆக, 'தமிழ்' என்ற ஒரே சொல் முகவரியில் 45 எழுத்தாகிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் நீளமான தலைப்புள்ள கட்டுரை என்றால் முகவரி திரை தாண்டிப் போகும். அதை அப்படியே விட்டுவிடுங்கள், உள்ளே சேமிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்த முகவரியில் உள்ள தமிழ்ச்சொல்லை நீங்கள் தமிழில் தேடினால் அகப்படாது. அதனால் தமிழ்ப் பக்கங்களுக்கு தலைப்பும் குறிப்பும் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேடலில் இன்னொன்று. புக்கு வழக்கமாக முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'பாசனம்' என்று எழுதிய இடமும் உண்டு, 'பாசனத்தில்', 'பாசனத்துக்கு' என்று வேற்றுமை ஏறி நிற்கும் இடமும் உண்டு. எனவே தமிழில் தேடும்போது 'மைனஸ் மைனஸ் டீப்' என்று சேர்த்து, 'பாசன' என்ற அளவில் மட்டும் தட்டுங்கள். சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடித்துவிடும். தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் இதை வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

நீங்கள் நூலகர் என்பதால் இதையும் சொல்கிறேன். திரையில் ஒன்றுபோலத் தெரியும் தமிழ்ச்சொல் உள்ளே வேறாக இருக்கக்கூடும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை வருவதுண்டு. அதைவிட அதிகம் கண்ணில் படுவது 'கௌ'. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். கௌதமன், கெளதமன் இரண்டும் அச்சில் ஒன்றுதான், தேடும் மென்பொருளுக்கு இரண்டு வேறு ஆட்கள். டேக்கை இணையத்திலிருந்து வெட்டி ஒட்டாமல் உங்கள் விசைப்பலகையில் நீங்களே தட்டினால் பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே இரண்டு வடிவம் கலந்துவிட்டதா? 'மைனஸ் மைனஸ் ரீப்ளேஸ்', பழைய டேக், புதிய டேக் என்று கொடுத்தால் எல்லாப் பதிவுகளிலும் மாற்றிவிடும். 'ஏரி', 'ஏரிகள்' என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பதையும் இப்படியே ஒன்றாக்கலாம்.

இணைப்புகளைச் சேர்த்து வைத்திருந்த பாக்கெட் தளத்தை மூடிவிட்டார்கள். எக்ஸ்போர்ட் செய்த ஃபைல் மட்டும் கையில் இருக்கிறது. அதை வேறு எந்தத் தளத்துக்கு மாற்றலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

வேறு தளத்துக்கு மாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில்.

2003இல் டெலிஷியஸ் என்ற புக்மார்க் தளம் வந்தபோது, புக்மார்க்குக்கு டேக் போடுவதை உலகத்துக்கே பழக்கியது அதுதான். 2005இல் யாஹூ வாங்கியது. 2010 டிசம்பரில் அதைக் கைவிடப்போவதாகச் செய்தி கசிந்ததும் பயனர்கள் பதறிப்போனார்கள். பிறகு கை மாறிக் கை மாறி, 2017இல் போட்டித் தளமான பின்போர்டிடமே வந்து சேர்ந்தது. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரோடு முடிந்தது. 'ரீட் இட் லேட்டர்' என்று 2007இல் தொடங்கி, 2012இல் பாக்கெட் என்று பெயர் மாற்றி, 2017இல் மொசில்லாவிடம் போன உங்கள் பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று நின்றது. இவற்றை நடத்தியவர்களில் பெரிய நிறுவனங்களும் இருந்தன. நல்ல எண்ணத்தோடு நடத்தியவர்களும் உண்டு. ஆனாலும் நாம் தேடிப் படித்துச் சேர்த்தது எப்போது நிற்கும் என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகம்தான் முடிவு செய்தது. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை.

புக்கு எல்லாவற்றையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வடிவில் ஒரே கோப்பில் வைக்கிறது. ஹோம் டைரக்டரியில் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் புக்கு. அங்கே அந்தக் கோப்பு இருக்கும், பென் டிரைவில் காப்பி எடுத்துவிட்டால் முடிந்தது பேக்கப். எஸ்கியூலைட்டை உருவாக்குபவர்கள் 2050 வரை அதைப் பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. நாளைக்குப் புக்குவே நின்றுபோனாலும், அந்தக் கோப்பைத் திறக்க வேறு நூறு கருவிகள் உண்டு.

இனி உங்கள் ஃபைல். பாக்கெட் தந்தது சிஎஸ்வி, கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்பு. அதைப் புக்கு நேரடியாக வாங்கிக்கொள்ளாது, மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவம் என்றால் வாங்கும். லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் திறந்து, புதிய நெடுவரிசை ஒன்றில் ஒவ்வொரு வரியையும் இப்படிச் சேருங்கள்: ஒரு மைனஸ் குறி, இடைவெளி, சதுர அடைப்புக்குள் தலைப்பு, உடனே வளைவு அடைப்புக்குள் முகவரி. அந்த நெடுவரிசையை மட்டும் காப்பி செய்து 'டாட் எம்டி' என்று முடியும் பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்து, 'புக்கு மைனஸ் ஐ' என்று கோப்பின் பெயரைக் கொடுங்கள். இந்த வழியில் டேக்குகள் வராது, தலைப்பும் முகவரியும் வந்துவிடும். சிஎஸ்வியை அழிக்காமல் வையுங்கள். டேக் வேண்டுமென்றால், அதே கால்க்கில் ஒவ்வொரு வரியையும் 'புக்கு மைனஸ் ஏ' கட்டளையாகவே அமைத்து மொத்தமாக ஓட்டலாம், ஷெல் ஸ்கிரிப்ட் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பிறகு ஒருநாள் புக்கு பிடிக்கவில்லையென்றால் மைனஸ் இ போட்டு ஹெச்டிஎம்எல்லாக வெளியே எடுத்துவிடலாம். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் காலத்து வடிவம் அது. நெட்ஸ்கேப் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இன்றும் புக்மார்க்கை அந்த வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்கின்றன, இம்போர்ட் செய்கின்றன.

பாதி இணைப்புகள் செத்துப்போயிருக்கின்றன. முகவரியை மட்டும் சேர்த்து என்ன பயன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

நியாயமான கேள்வி ஐயா. யாரும் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள முடிந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009இல் மூடியபோது ஒரு தலைமுறையின் தனி வலைப்பக்கங்களே போயின. அவற்றில் ஒரு பகுதியாவது மிஞ்சியது, யாரோ சிலர் முன்கூட்டியே ஓடிப்போய் நகலெடுத்ததால்தான்.

செத்த இணைப்பின் எண்ணை 'புக்கு மைனஸ் மைனஸ் கேஷ்டு' என்பதோடு கொடுத்தால், இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் உள்ள நகல் திறக்கும், அங்கே நகல் இருந்தால். தமிழ் வலைப்பூக்கள் பலவற்றுக்கு இருக்காது. அதனால் உங்களுக்கு வேண்டிய பக்கம் உயிரோடு இருக்கும்போதே வேபேக் மெஷினின் 'சேவ் பேஜ் நௌ' பெட்டியில் முகவரியைப் போட்டு ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். உள்ளூர்க் கோயில் கல்வெட்டு பற்றி ஒருவர் எழுதிய பக்கம், மூடப்போகும் சிற்றிதழின் தளம், இவற்றுக்கெல்லாம் இதைச் செய்தால் உங்களுக்கு மட்டுமில்லை, அடுத்துத் தேடி வருபவருக்கும் கிடைக்கும்.

நீங்கள் கையால் திருத்திய தலைப்புகளுக்கு 'மைனஸ் மைனஸ் இம்யூட்டபிள் 1' என்று போட்டு வையுங்கள். மொத்தமாகப் புதுப்பிக்கும்போது புக்கு வலையிலிருந்து தலைப்பை எடுத்து உங்களுடையதன் மேல் எழுதிவிடாது.

வீட்டுக் கணினியை எல்லோரும் பயன்படுத்துகிறோம். சில இணைப்புகளை மறைத்து வைக்க முடியுமா?
– பெயர் வேண்டாம், கோவை

முடியும். 'மைனஸ் எல்' கொடுத்து ஒரு பாஸ்வேர்டு வைத்தால் முழுக் கோப்பையும் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையில் பூட்டிவிடும், 'மைனஸ் கே' திறக்கும். பூட்டியிருக்கும்போது தேடவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழியே இல்லை, எங்காவது எழுதி வையுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் கணினியில் தனித்தனி யூசர் கணக்கு வைத்துக்கொள்வது இதைவிட நல்லது.

அக்கா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். என்னிடம் விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது. மொத்தமே முப்பது நாற்பது இணைப்புகள். எனக்கும் புக்கு தேவையா?
– மாணவர், அறந்தாங்கி

இப்போதைக்குத் தேவையில்லை தம்பி. நோட்பேடில் ஒரு கோப்பு திற. ஒரு வரிக்கு ஒரு இணைப்பு, முன்னால் உன் சொற்களில் குறிப்பு, பின்னால் முகவரி. 'இயற்பியல் மின்னோட்டம் கணக்குகள் விடையோடு' என்கிற மாதிரி. யூடிஎஃப்-8 ஆகச் சேமி. கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடு. அந்தக் கோப்பில் சில நூறு வரி வரைக்கும் சிரமமே இருக்காது. அதைத் தாண்டும்போது, பைத்தான் நிறுவி 'பிப் இன்ஸ்டால் புக்கு' கொடு, விண்டோஸிலும் ஓடும். நீ இப்போதே குறிப்பெழுதிப் பழகியிருப்பதால், அன்றைக்கு எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.