தலைப்புச் செய்தியும் அகராதியும் போதுமா?

“தினமும் ஆங்கில நாளிதழின் தலைப்புகளைப் படித்து, தெரியாத சொல்லை அகராதியில் பார்த்து வந்தால் சொல்வளம் பெருகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெருகும். ஆனால் எந்த அகராதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். மூன்று மாதத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. ஒருநாள் சும்மா புரட்டியபோது கண்ணில் பட்டது: கேன்சல், க்வாஷ், ரிப்பீல், ரிவோக், அப்ரகேட். ஐந்துக்கும் எதிரே ஒரே சொல்தான் எழுதியிருந்தேன், ‘ரத்து’. நம் செய்திகளில் ரயிலும் ரத்தாகும், சட்டமும் ரத்தாகும், வழக்கும் ரத்தாகும். ஐந்து சொல் கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

அப்புறம்தான், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதிக்கு மாறினேன். பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. 1978இல் வந்த லாங்மேன் அகராதி, சுமார் 2000 எளிய சொற்களை வைத்தே விளக்கங்களை எழுதியது. அந்த வகை அகராதி எதுவானாலும் சரி.

அதில்தான் ‘யார் செய்கிறார்கள்’ என்பது தெரிந்தது. க்வாஷ் என்றால் ஒரு தீர்ப்போ உத்தரவோ இனிச் செல்லாது என்று நீதிமன்றம் சொல்வது. ரிப்பீல் என்றால் சட்டம் போட்ட அவையே அதைத் திரும்பப் பெறுவது. 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களுக்கும் நாடாளுமன்றம் செய்தது இதைத்தான். ரிவோக் பெரும்பாலும் உரிமம், விசா மாதிரியானவற்றுக்கு: கொடுத்தவரே பறித்துக்கொள்வது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ‘ஸ்ட்ரைக்ஸ் டவுன்’ செய்ததாகத் தலைப்பு வந்தது. ஸ்ட்ரைக் என்றால் வேலைநிறுத்தம்தானே என்று அங்கேயே நின்றுவிட்டால் போச்சு. அந்தச் சொல்லின் கீழே கடைசியில் கூட்டு வினைகள் (ஃப்ரேசல் வெர்ப்ஸ்) என்று ஒரு பகுதி இருக்கும், அதுவரை இறங்கிப் பார்த்தால்தான் ‘சட்டப்படி செல்லாது என்று அறிவிப்பது’ என்ற பொருள் கிடைக்கும்.

ஒரு சொல்லுக்கு 1, 2, 3 என்று பல பொருள் போட்டிருந்தால், தலைப்பை மட்டும் வைத்து எது என்று முடிவு செய்யாதீர்கள். செய்தியின் முதல் பத்தியையாவது படியுங்கள். ‘சாங்ஷன்’ வங்கிப் பக்கத்தில் கடனுக்கு ஒப்புதல்; உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு நாட்டின் மீது போடும் தடை. கிட்டத்தட்ட நேரெதிர்.

இன்னொன்று, தலைப்பு ஆங்கிலம் தனி ரகம். இடம் பத்தாது என்பதால் குட்டிச் சொற்களாகப் பார்த்துப் போடுவார்கள்: அனுமதிக்கு நாட் (தலையசைப்பு!), யோசிப்பதற்கு மல், பிடிப்பதற்கு நாப். ‘த்ரீ ஹெல்ட்’ என்றால் மூன்று பேர் கைது. நடுவில் இருக்க வேண்டிய ‘வேர்’ (were) விழுந்துவிட்டது. இதையெல்லாம் அப்படியே பேச்சில் எடுத்தால் வேடிக்கையாகிவிடும். முதல் வேலையில், பழநிக்குப் போக இரண்டு நாள் விடுப்பு கேட்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: பயணத்தை ‘மல்’ செய்துகொண்டிருக்கிறேன், உங்கள் ‘நாட்’ வேண்டும் என்று. என் மேசைப் பக்கம் வந்தவர் ஒன்றும் சொல்லாமல் நிதானமாக ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போனார். மொத்த அறையும் சிரித்தது. அதன் பிறகு நோட்டில் தலைப்புச் சொற்களுக்குப் பக்கத்தில் ‘பேப்பரில் மட்டும்’ என்று சிவப்பில் குறித்து வைக்க ஆரம்பித்தேன்.

உச்சரிப்பையும் அகராதியில் கேட்டுவிடுங்கள், இப்போது செயலிகளிலேயே ஒலி இருக்கிறது. அது இல்லாத நாளில், கூடப் படித்தவர்களுக்குத் தலைப்புகளை நான்தான் சத்தமாக வாசிப்பேன். ஒருநாள் ‘காவேரி ரோ’ என்று வாசித்தேன். தகராறு என்ற பொருளில் அது ‘ரௌ’. ‘ரோ’ என்றால் வரிசை. நண்பன் தலையைத் தூக்காமலே கேட்டான்: “காவிரில யாருடா வரிசைல நிக்கிறா?”