ஓலைக் கிளி ஏன் நாலாம் நாள் கறுத்தது?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். போன சித்திரைப் புதுவருடத்துக்குத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு பனங்குருத்தில் கிளி, பூ, தோரணம் எல்லாம் பின்னித் தொங்கவிட்டோம். நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்து மடிப்பெல்லாம் கறுத்துவிட்டது. இறுக்கிப் பின்னியவைகூடத் தளர்ந்து கழன்றன. சாயம் சுவரிலும் பிள்ளைகளின் கையிலும் ஒட்டியது. இந்த முறை ஒருவர் வந்து, 25 பிள்ளைகளுக்கும் 'இயற்கை அலங்காரப் பொதி' தருகிறேன், முற்பணம் கட்டுங்கள் என்கிறார். வாங்கலாமா? நாங்களே செய்வதென்றால் பழுதாகாமல் இருக்க என்ன வழி?

பதில்: ரீச்சர், முற்பணம் கட்ட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் கிளிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். அது விளங்கினால் மீதி எல்லாம் சுலபம்.

நீங்கள் பச்சைக் குருத்தில் பின்னியிருக்கிறீர்கள். பச்சைக் குருத்து நிறையத் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும். கிளியின் தலையைச் செய்ய ஓலையை மூன்று, நாலு முறை மடிக்கிறோம். அந்த மடிப்புக்குள் காற்றுப் போகாது, ஈரம் வெளியே வராது. சித்திரை வெக்கையில் அந்த இடம் பூஞ்சணத்துக்கு நல்ல வீடு. அதனால்தான் தட்டையான இறகு தப்பியிருக்கும், தலையும் கழுத்தும் முதலில் கறுத்திருக்கும். கழன்றதற்கும் அதே ஈரம்தான் காரணம். காயக் காய ஓலை ஒடுங்கும். ஓலை ஒடுங்கினால் பின்னலுக்குள் இடைவெளி விழும். உங்கள் கைவேலையில் பிழை இல்லை.

பெட்டி, கடகம் இழைத்த எங்கள் அம்மம்மாமார் பச்சை ஓலையில் இழைக்கவே மாட்டார்கள். குருத்தைக் காயவைத்துச் சார்வாக்கி (இழைக்கும் பதத்துக்குக் காய்ந்த ஓலைதான் சார்வு), பிறகு லேசாக நனைத்துத்தான் கையில் எடுப்பார்கள். முதலில் முழுதாகக் காயவைப்பது, பிறகு வளைவதற்கு மட்டும் கொஞ்சம் ஈரம் கொடுப்பது. இந்த வரிசை மாறினால் எந்த வாணிசும் காப்பாற்றாது.

செய்முறை இதுதான். குருத்தை வெட்டியதும் விசிறிபோல் மடிந்திருக்கும் ஓலையை விரித்து, இலை இலையாகப் பிரித்து, ஈர்க்கை நீக்குங்கள். ஈர்க்கை எறிய வேண்டாம், பிறகு தேவைப்படும். பிரித்த ஓலையைப் பாயில் பரப்பி வெயிலில் போடுங்கள். தறப்பாளில் போட்டால் அடிப்பக்கம் வியர்த்து, காய்ந்த மாதிரித் தெரிந்துகொண்டே ஈரமாக இருக்கும். பங்குனி வெயிலுக்கு மூன்று, நாலு நாள் போதும், நாளுக்கு இரண்டு தடவை புரட்டிவிட வேண்டும். பனியில் கிடந்தால் ஓலை வெளுக்கும் என்று முதல் இரண்டு இரவும் வெளியே விடுவார்கள். விடலாம். கடைசி இரண்டு இரவும் கட்டாயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பங்குனியில் பின்னேரம் இடி இடித்து மழை கொட்டுவது உங்களுக்குத் தெரியும். ஒரு மழை பட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல அனுபவம் வேண்டும். அனுபவம் இல்லாதவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது போத்தல் சோதனை. காய்ந்த கண்ணாடி ஜாம் போத்தல் ஒன்றில் நாலைந்து ஓலைத் துண்டைப் போட்டு மூடியை இறுக்கி, மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். உட்பக்கக் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரிப் புகார் படிந்தால் ஓலை இன்னும் ஈரம். கண்ணாடி தெளிவாக இருந்தால் பின்னலாம். பிள்ளைகளையே பார்க்க விடுங்கள், அவர்களுக்கு அது ஒரு பாடமாகவும் போகும்.

பின்னப் போகும் நேரம் ஓலையை வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். நனைத்துப் பிழிந்த துணியில் அரை மணித்தியாலம் சுற்றிவைத்தால் தானாக வளையும். அளவாக வார்ந்து, பின்னி முடித்து, மறுபடி அரை நாள் வெயிலில் வையுங்கள். தொங்கவிடும்போது சீமெந்துச் சுவரோடு ஒட்டவைக்காமல் ஒரு சாண் தள்ளி, காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். இரண்டு துண்டைச் சேர்க்கப் பசைக்குப் பதில் நீக்கிவைத்த ஈர்க்கைக் குத்தூசி மாதிரி செருகுங்கள். மாப்பசை கரப்பானைக் கூப்பிடும். கட்டாயம் ஒட்டத்தான் வேண்டும் என்றால் விளாம்பிசினைத் தண்ணீரில் கரைத்துப் பாவியுங்கள்.

பச்சையாகத் தொங்கவிடவே கூடாதா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடத்தில் விடலாம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். வருடப்பிறப்பு அன்று வாசலில் கட்டும் தோரணம், கோயில் பந்தல் தோரணம், குருத்தோலை ஞாயிறுக்கு எங்கள் கத்தோலிக்கச் சனம் கையில் பிடிக்கும் குருத்து, இவை பச்சையாகத்தான் இருக்க வேண்டும். அந்த இளமஞ்சள் பச்சைதான் அதன் அழகு. பெரும்பாலும் தென்னங்குருத்தில் செய்வார்கள். கவனியுங்கள், இவை எல்லாம் ஒரு நாள் வேலை. முதல் நாள் பின்னேரம் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, விடியப் பின்னிக் கட்டி, மறுநாள் கழற்றி மாட்டுக்கோ எருக்குழிக்கோ போட்டுவிட வேண்டும். மூன்று நாள் திருவிழா என்றால் மூன்று தடவை புதிதாகக் கட்ட வேண்டும், அதே தோரணத்துக்குத் தண்ணீர் தெளித்து இழுத்தடிக்கக் கூடாது. மங்கலத் தோரணத்துக்கும் அமங்கலத் தோரணத்துக்கும் மடிப்பு வேறு, ஊரில் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மடியுங்கள். உங்கள் முன்பள்ளிக் கிளி இந்தக் கணக்கில் வராது. அது இரண்டு கிழமை தொங்க வேண்டிய பொருள், ஆகவே காய்ந்த ஓலைதான்.

இனிச் சாயம். சுவரில் ஒட்டியது கடையில் வாங்கிய தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசியதால்தான் என்று நினைக்கிறேன். பூசினால் சாயம் மேலே நிற்கும், அவித்தால்தான் உள்ளே போகும். பின்னுவதற்கு முன்பே அவிக்க வேண்டும். காய்ந்த ஓலை 100 கிராமுக்குப் படிகாரம் 15 கிராம் அளவில் வெந்நீரில் கரைத்து ஓலையை அதில் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். பிறகு சாயத் தண்ணீரில் இன்னொரு மணித்தியாலம். மாதுளைத் தோல் அவித்த தண்ணீர் நல்ல மஞ்சள் தரும். அதே தண்ணீருக்குள் துருப்பிடித்த ஆணி நாலைப் போட்டால் சாம்பல் கலந்த பச்சைக்குப் போய்விடும். சமையல் மஞ்சளும் பிடிக்கும். ஏடு எழுதிய காலத்தில் ஓலையை மஞ்சள் தண்ணீரில் அவித்துத்தான் பதப்படுத்தினார்கள். ஆனால் மஞ்சள் நிறம் வெயிலில் நிற்காது, உள் அறைக்கு மட்டும் வையுங்கள். மஞ்சள் ஓலையில் சுண்ணாம்புத் தண்ணீரை விரலால் தொட்டு வைத்தால் அந்த இடம் சிவக்கும், கிளியின் மூக்குக்கு அது போதும். பீற்றூட்டை நம்ப வேண்டாம், இரண்டு நாளில் போய்விடும். எந்தச் சாயமானாலும் கழுவும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். ஓலையின் மேல் மெழுகுத்தன்மை இருப்பதால் நிறம் மெல்லியதாகத்தான் வரும். பளீரென்ற றோசாவும் நீலமும் வேண்டும் என்றால் அது மரத்திலிருந்து வருவதில்லை.

இப்போது அந்தப் பொதி. இப்படிப்பட்ட பொதி ஒன்றைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் கொண்டுவந்து காட்டினார்கள், பிரித்துப் பார்த்தேன். மேலே ஓலை. பூவின் காம்பு கம்பி, அதைச் சுற்றிப் பச்சைப் பிளாஸ்ரிக் நாடா. இதழ்களை ஒட்டியிருந்தது சூட்டுப் பசை, அதுவும் பிளாஸ்ரிக்தான். ஓலையின் மேல் வாணிசு, மினுக்கத்துக்குத் தூவிய தூளும் பிளாஸ்ரிக். இதற்குப் பெயர் இயற்கை அலங்காரம். ஒரு சிறு துண்டை முற்றத்தில் வைத்து எரித்துப் பாருங்கள், மூக்கை எட்ட வைத்துக்கொண்டு. ஓலை சாம்பலாகும். பிளாஸ்ரிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகும். வியாபாரி அந்தச் சோதனைக்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

முற்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்த வகையில். வருவார்கள், 'பயிற்சி தருகிறோம், சான்றிதழ் தருகிறோம், நீங்கள் செய்வதை நாங்களே வாங்குவோம்' என்று கணவனை இழந்த பெண்களிடம் கட்டணம் வாங்குவார்கள். பிறகு செய்த பொருளில் பாதியைத் தரமில்லை என்று தள்ளுவார்கள், தள்ளியதையும் கொண்டுபோய் விற்பார்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாய்மார் யாராவது இதில் சேரக் கேட்டால், வாங்கும் விலையையும் தள்ளும் நிபந்தனையையும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லுங்கள். கட்டணம் முதலில் கேட்டால் அந்த இடத்திலேயே விடுங்கள்.

இலங்கையில் நிகழ்வுகளுக்குப் பொலித்தீனில் அலங்காரம் செய்வது 2017 செப்டெம்பர் 1இலிருந்து தடை. பிளாஸ்ரிக் மாலையை விற்பதற்கும் 2023 ஒக்டோபர் 1இலிருந்து தடை. சட்டம் இருக்கிறது. ஆனாலும் போன பங்குனியில் ஒரு அரச நிகழ்வுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள், சுற்றாடலைப் பற்றித்தான். மேடை முழுக்கப் பொலித்தீன் கொடி. தடையை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் முன் வரிசையில் இருந்தார்கள். அதே கிழமை, ஓலைக் கட்டோடு சைக்கிளில் வந்த ஒரு அம்மாவை வழியில் மறித்து எந்தக் காணியில் வெட்டினாய், கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவவின் சொந்த வளவுப் பனை. பொலித்தீன் லொறியைக் கேட்காத கேள்வியை ஓலைக் கட்டிடம் கேட்கிறார்கள். எத்தனை கூட்டத்தில் சொல்லியும் குறிப்பெடுத்துக்கொண்டு போவதோடு சரி.

குருத்தைப் பற்றியும் ஒன்று. பனைக்கும் தென்னைக்கும் வளரும் முனை ஒன்றுதான், உச்சியில். அதில் கத்தி பட்டால் மரம் சாகும். புது ஓலையும் மாதத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். அதனால் ஒரு மரத்தில் ஒரு குருத்து, அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். 2025இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13, புதுவருடம் 14. இரண்டும் ஒட்டி வரும் வருடங்களில் குருத்துக்கு ஓட்டம் கூடும், தரகர்மார் வடலிகளை ஒட்டுமொத்தமாகக் கொத்தி ஏற்றுவார்கள். அவர்களிடம் வாங்க வேண்டாம். தெரிந்த வளவில் கேட்டு, ஏறத் தெரிந்தவரைக் கொண்டு வெட்டுவியுங்கள். காட்டுக்கரைக்குத் தேடிப் போக வேண்டாம், சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் பிள்ளைகளின் தாய்மாரை அனுப்பவே வேண்டாம்.

பிள்ளைகள் கையில் கொடுக்கும் விதைகளிலும் கவனம். குன்றிமணியும் அலரி விதையும் முன்பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது, இரண்டும் கடும் நஞ்சு. பார்க்க வடிவாக இருக்கிறது என்று கண் வைப்பதற்கும் மாலை கோர்ப்பதற்கும் கொண்டுவருவார்கள். கண்ணுக்குச் சிரட்டைத் துண்டைத் தேய்த்து வையுங்கள். கிண்ணத்துக்குக் காய்ந்த தென்னம்பாளை, கூட்டுக்குப் பன்னாடை, தூக்கிக் கட்ட வாழைநார், கொத்தாகத் தொங்கவிட நெற்கதிர். எல்லாம் உங்கள் ஊரில் காசில்லாமல் கிடைக்கும்.

கடைசியாகக் கணக்கு. ஒரு பனை விசிறியில் அறுபது, எண்பது இலை பிரியும். ஒரு பிள்ளைக்கு நாலு இலை என்றால் 25 பிள்ளைகளுக்கு 100. கிழிந்ததையும் பழுதானதையும் கழித்தாலும் மூன்று மரத்தில் மூன்று குருத்துப் போதும். மார்ச் கடைசிக்குள் வெட்டுங்கள். காய ஒரு கிழமை, சாயத்துக்கு இரண்டு நாள், பின்ன மூன்று நாள். இடையில் ஒரு மழை வந்தாலும் ஏப்ரல் 14க்குக் கிளி தொங்கும்.