மச்சான் வைத்திருக்கும் பம்ப் துப்பாக்கி

கேள்வி: ஐயா, என் மச்சான் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை தவறாமல் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியால் பறக்கும் தட்டுகளைச் சுட்டு வீடியோ அனுப்புகிறார். விலை முந்நூறு டாலரை ஒட்டித்தானாம். எனக்கு வயது 34. தென்னந்தோப்பும் நாலு பால்மாடும் வைத்திருக்கிறேன். பொழுதுபோக்குக்கு நானும் ஒன்று வாங்கலாம் என்று ஆசை. குறைந்த விலையில் முதல் துப்பாக்கியாக எந்தப் பம்ப் ஆக்‌ஷன் வாங்கலாம்?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: தம்பி, மச்சான் சொல்வதில் பொய் இல்லை. அங்கே மாவெரிக் 88 அந்த விலைக்குக் கிடைக்கும். அதன் அண்ணன் மோஸ்பெர்க் 500-க்குக் கொஞ்சம் கூடுதலாகும். ரெமிங்டன் 870 என்று ஒன்று 1950-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. நம் ஊர் வீடுகளில் கிரைண்டர் இருக்கிற மாதிரி அங்கே பல வீடுகளில் அது இருக்கும்.

நானும் சுட்டிருக்கிறேன். படையில் 22 வருடம் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து, ஊருக்கு வந்து வேலந்தாவளத்தில் உட்கார்ந்த பிறகு, ஒஹையோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளை, பறக்கும் தட்டுச் சுடுகிற ஒரு ட்ராப் மைதானத்துக்குக் கூட்டிப்போய் வாடகைக்கு ஒரு 870 வாங்கிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கியைப் பிரித்து மாட்டியவன் என்ற மிதப்பில் நின்றேன். 25 தட்டில் 11 உடைந்தது. அப்புறம் இரட்டைத் தட்டு. முதல் தட்டைச் சுட்டதும் முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். அவசரத்தில் பாதிதான் இழுத்தேன். காலித் தோட்டா வெளியே வராமல் வாயிலேயே சிக்கிக்கொண்டது. இரண்டாவது தட்டு புல்லில் போய்ப் பத்திரமாக இறங்கியது. பக்கத்தில் நின்ற பத்துப் பதினோரு வயதுப் பெண் பிள்ளை, “முழுசா இழுக்கணும் தாத்தா” என்கிற பாவனையில் கையை ஆட்டிக் காட்டினாள்.

அதனால் பம்ப் துப்பாக்கி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முரட்டுச் சாமான். மழை, தூசி எதற்கும் சுணங்காது. இழுத்தால் பூட்டு திறந்து காலித் தோட்டா வெளியே விழும், குழாயிலிருந்து அடுத்தது மேலே ஏறும். தள்ளினால் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கெட்டுப்போகிற உறுப்புகள் குறைவு. அமெரிக்க ட்ராப் ஆட்டத்தில் ஒரு தட்டுக்கு ஒரே வெடிதான். அடுத்த முறை வருவதற்குள் ஆற அமர இழுத்துத் தள்ளலாம். அதனால்தான் அங்கே அது முதல் துப்பாக்கியாக ஓடுகிறது.

நம் பக்கம் கதை வேறு. இங்கே போட்டிகள் பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி நடக்கின்றன. அந்த விதிப் புத்தகத்தில், 12 போர் என்ற குழல் அளவுக்கு மேற்படாத, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுக்குக் குழல் துப்பாக்கி எதுவும் கொண்டுவரலாம், பம்ப் ஆக்‌ஷன் தவிர என்று எழுதியிருக்கிறது. தானாகத் தோட்டா மாற்றும் செமி ஆட்டோமேட்டிக்குக் கூட அனுமதி உண்டு, இதற்கு இல்லை. பொழுதுபோக்குக்குத்தானே என்பீர்கள். ஆறு மாதம் சுட்டுப் பாருங்கள், மாநிலப் போட்டியில் பெயர் கொடுக்கலாமே என்று ஒரு நாள் தோன்றும். அன்றைக்கு இரண்டாவது துப்பாக்கி தேட வேண்டிவரும். ஆயுதச் சட்டம் 2019-லிருந்து சாதாரணத் துப்பாக்கி உரிமதாரருக்கு மொத்தம் இரண்டே துப்பாக்கிதான் என்கிறது. அதில் ஒரு இடத்தைப் பம்ப் பிடித்துக்கொண்டிருக்கும்.

விலையும் அந்த முந்நூறு டாலர் இல்லை. தனியார் ஆசைக்கு வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்கிக்கொள்வது 1980-களிலேயே அடைபட்டுவிட்டது. தேர்ந்த வீரர்களுக்குத்தான் விதிவிலக்கு. ஆகவே இங்கே கைமாறுகிற வெளிநாட்டுப் பம்ப் எல்லாம் பழசு, விலையோ யானை விலை. பெரும்பாலும் காவலுக்கென்று செய்த குட்டைக் குழல்காரன்கள். குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தால் தடை செய்யப்பட்ட வகையில் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள். தட்டுச் சுட 28 அங்குலம் வேண்டும். குட்டைக் குழலை வைத்துக்கொண்டு பறக்கிற தட்டைத் தொடர்வது, முக்காலடிக் கழியால் மாங்காய் அடிப்பது மாதிரி.

என்ன செய்யலாம் என்றால், முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். ட்ராப் தளம் உள்ள சங்கத்தில் சேர்ந்து, அவர்கள் துப்பாக்கியில் நூறு தட்டாவது சுடுங்கள். புதுக்கோட்டையில் அப்படி ஒரு தளம் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர்தான். நம் பக்கத்திலிருந்து தூரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோப்பில் யாராவது கையால் தட்டு வீச, நீங்கள் சுடுவது என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற தளத்தில்தான் சுட வேண்டும். தோட்டாவிலிருந்து சிதறுகிற அந்தச் சின்ன ஈயக் குண்டு, அதாவது ரவைகூட 200 மீட்டர் போகும். உங்கள் தோப்புக்கு அப்பால் 200 மீட்டரில் யார் கள் இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று உங்களுக்கே தெரியாது.

நூறு தட்டுக்குப் பிறகும் ஆசை தணியவில்லை என்றால், கைமாறிய 12 போர் இரட்டைக்குழல் ஒன்றைத் தேடுங்கள். குழல்கள் மேலும் கீழுமாக இருந்தால் மிக நல்லது, பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் பாதகமில்லை. மடக்கித் திறந்தால் காலியா இல்லையா என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். காலித் தோட்டா பக்கத்து ஆள் கன்னத்தில் பறந்து போய் அடிக்காது. நம் ஆட்டத்தில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி உண்டு. இரண்டாவதற்கு எதையும் இழுக்காமல் விசையை மட்டும் தொட்டால் போதும்.

இல்லை ஐயா, பம்ப்தான் என்று நிற்கிறீர்களா? சரி. வாங்கும் முன், உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் வகைக்குள் அது வருமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். அப்புறம் முன்கட்டையைப் பிடித்து இடவலமாக முறுக்கிப் பாருங்கள். முன்கட்டையைப் பூட்டோடு இணைக்க உள்ளே இரண்டு தண்டு இருந்தால் நேராக ஓடும், பழைய ஒற்றைத் தண்டு கோணிக்கொள்ளும். குழல் முனையில், ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கிற இறுக்கமான சோக்கைக் கழற்றி மாற்ற வசதி இருக்கிறதா பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் பின்கட்டையின் நீளம். அமெரிக்காவில் செய்தது பெரும்பாலும் நம் கைக்கு அரை அங்குலமாவது நீளமாக இருக்கும். கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திற. குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் மணி நேராகத் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. குழலின் முதுகு நீளமாகத் தெரிந்தாலோ, மணியே மறைந்தாலோ, எவ்வளவு மலிவாக வந்தாலும் அது வேறு யாருடையதோ.

தோட்டாச் செலவையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 25 தட்டு. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். நூறு என்று இருந்தால் தட்டுக்கு ஒன்று வைத்தாலும் நாலே சுற்று. இரண்டு வெடி வைத்தால் இரண்டு சுற்றில் வருடம் முடிந்துவிடும். துப்பாக்கி வாங்கிவிட்டுத் தோட்டா இல்லாமல் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

கேள்வி: தாத்தா ஏலத்தோட்டத்தில் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அவர் போன மாதம் காலமானார். புதிதாக வாங்குவதற்குப் பதில் அதிலேயே தட்டுச் சுடப் பழகலாமா?
*வாசகர், குமுளி*

பதில்: முதல் வேலையாக அதை வீட்டிலிருந்து எடுங்கள். உரிமம் தாத்தா பெயரில். அவர் போனதும் அது உங்கள் வீட்டில் இருப்பதே தவறு. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். மற்ற பெரியவர்கள் இதைக் கவனிக்கட்டும். நிலத்துக்குப் பட்டா மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சுடலாமா என்பதற்குப் பதில், குழலின் மேல் தோலைப் பார்த்தால் பாதி கிடைக்கும். பாம்புத் தோல் மாதிரி, சுருள் சுருளாகக் கோடு ஓடுகிறதா? அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துச் சாமான். இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடாதீர்கள். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும், அதற்கும் உரிமம் வேண்டும். கோடு இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால், தோட்டா அறையின் நீளத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குல அறை. இப்போதைய தோட்டா இரண்டே முக்கால். உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடிக்கும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். நல்ல ஆர்மரர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். சென்ற வாரம் முதல்முறையாக 12 போர் சுட்டேன். தோள் நீலம் பாய்ந்துவிட்டது. பெண்களுக்குச் சரிப்படாது என்கிறார்கள். உண்மையா?
*வாசகி, செங்கோட்டை*

பதில்: சொன்னவர்கள் தோளையும் ஒரு நாள் பார்க்க வேண்டும், அம்மா. உதைப்பது துப்பாக்கி இல்லை, இடைவெளி. தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தாலும் அது ஓடிவந்து இடிக்கும். எலும்பின் மேல் வைக்காமல் உட்புறப் பள்ளத்தில் இறுக்கி வையுங்கள், உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நில்லுங்கள். உங்களுக்குக் கொடுத்த தோட்டாவில் எத்தனை கிராம் ரவை என்று கேட்டீர்களா? உலகப் போட்டியிலேயே 24 கிராமுக்கு மேல் கூடாது. உங்கள் கையில் வேட்டைத் தோட்டாவைக் கொடுத்திருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

கேள்வி: காட்டுப்பன்றிக்கும் தட்டுக்கும் ஒரே துப்பாக்கி போதாதா?
*வாசகர், மீனாட்சிபுரம்*

பதில்: துப்பாக்கி ஒன்றாக இருக்கலாம், தோட்டா ஒன்றல்ல, காகிதமும் ஒன்றல்ல. தட்டுக்கு ஏழரை, எட்டாம் நம்பர் பொடி ரவை. அதைப் பன்றி மேல் சுட்டால் அது உங்களைத் தேடி வரும். கேரளத்தில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போட்டால் பன்றியைச் சுடலாம், ஆனால் பட்டியலில் உள்ள உரிமதாரர்தான் சுட வேண்டும். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் அந்த உத்தரவு செல்லாது. உரிமத்தில் எந்த எல்லை வரை என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு சோதனைச் சாவடியில் நகலை மட்டும் காட்டி இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தவன் நான். அசல் இல்லாமல் வாளையாறைத் தாண்டுவதில்லை இப்போது.

கேள்வி: களிமண் புறா என்கிறார்களே, அது களிமண்ணில்தான் செய்கிறதா?
*பள்ளி மாணவர், கூடலூர்*

பதில்: ஆரம்பத்தில் உண்மையான புறாவையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டை. 1880-இல் அமெரிக்காவில் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணில் தட்டு செய்து காப்புரிமை வாங்கினார். குளத்தில் நீ ஓட்டாஞ்சில்லு எறிவாயே, அதே தத்துவம். அந்தத் தட்டு ரவை பட்டும் உடையாமல் போனது என்று குறை. அதனால் இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் பிசினையும் சேர்த்து வார்க்கிறார்கள். குறுக்களவு 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். பெயர் மட்டும் மாறவில்லை. தார் சேர்த்துச் செய்த தட்டின் துண்டுகளைத் தின்று பன்றிகள் செத்ததுண்டு. ஆகவே உடைந்த சில்லுகளைப் பொறுக்காமல் மேய்ச்சல் நிலத்தில் விடக் கூடாது. கொழிஞ்சாம்பாறைத் தம்பி, உங்கள் நாலு மாடுகளையும் நினைத்துத்தான் இதைச் சேர்த்து எழுதுகிறேன்.