புற்றுக்கட்டியின் மேலுள்ள சர்க்கரையைத் தாக்கும் சிகிச்சை நீண்ட நாள் பலன் தருமா?

கேட்கப்பட்ட கேள்வி: "கட்டிகளின் மேல் இருக்கும் மாறுபட்ட சர்க்கரையைக் குறிவைத்து நோயெதிர்ப்பு சிகிச்சை வருகிறதாமே? அதன் பலன் நீடிக்குமா? என் சித்தப்பாவுக்குக் கணையப் புற்று."

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது காபியில் போடும் சர்க்கரை இல்லை. முனைவர் பட்டத்துக்காக இந்தச் சர்க்கரைகளோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டியவன் நான். அப்போதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "அப்போ இனிப்பை விட்டுட்டா கேன்சர் வராதாப்பா?" என்று யாராவது பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் செல் ஒவ்வொன்றும் மேலே சர்க்கரைச் சரங்களைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. சில புரதங்களின் மேல் ஒரு சர்க்கரை மணி முதலில் ஒட்டும். அடுத்த மணியாக காலக்டோஸைக் கோக்க ஒரு நொதி உண்டு. அந்த நொதி உருப்படியாக வேலை செய்ய 'காஸ்மிக்' என்ற துணைப் புரதம் வேண்டும். புற்றுசெல்லில் இந்த ஏற்பாடு கெட்டால், முதல் மணியோடு சரம் நின்றுபோகும். அந்த ஒற்றை மணிக்கு டி.என். என்று பெயர். ஆரோக்கியமான செல்லில் அது வெளியே தெரிவது அரிது. மார்பகம், பெருங்குடல், கணையம் என்று பல கட்டிகளில் பளிச்சென்று தெரியும். சித்தப்பாவின் ரிப்போர்ட்டில் சி.ஏ. 19-9 என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதில் அளப்பதும் ஒரு சர்க்கரை அமைப்பைத்தான்.

குறி தெரிந்துவிட்டால் அடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டி.என்.னோடு சியாலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை ஒட்டிய வடிவத்தை வைத்து தெராடோப் என்ற தடுப்பூசி செய்து, பரவிய மார்பகப் புற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். எதிர்ப்பொருள், அதாவது குறியில் போய் ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதம், நன்றாகவே உருவானது. ஆனால் நோய் மீண்டும் வளரும் நேரமும் தள்ளிப்போகவில்லை, ஆயுளும் கூடவில்லை. 2003இல் அது தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பொருள் உண்டானால் மட்டும் போதாது, கட்டிக்குள் புகுந்து கொல்லும் செல்களும் வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

அந்தச் செல்களைத் தயாரிக்கும் வழிதான் கார்-டி. நோயாளியின் டி செல்லை (நோயெதிர்ப்புக்கான வெள்ளையணு) வெளியே எடுத்து, குறியை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றை அதில் பொருத்தி, திரும்ப உடம்புக்குள் ஏற்றுவார்கள். இரத்தப் புற்றில் இது அற்புதம் செய்தது. திடக்கட்டியில்தான் தகராறு. உள்ளே ஆக்சிஜன் குறைவு, எதிர்ப்பை அமுக்கும் ரசாயனங்கள் அதிகம். போய்ச் சேரும் செல்லும் சீக்கிரம் களைத்துவிடுகிறது.

சர்க்கரைக் குறிகளில் அதிகம் அனுபவம் கிடைத்தது ஜி.டி.2இல். கொழுப்பு வாலும் சர்க்கரைத் தலையும் கொண்ட மூலக்கூறு அது. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா கட்டியில் நிறைய உண்டு. அதைத் தாக்கும் டினுடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் நரம்புகளிலும் ஜி.டி.2 இருக்கிறதே! மருந்து ஏறும்போது வரும் வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகள் தேவைப்படுகின்றன.

அதே ஜி.டி.2வுக்குக் கார்-டி செய்தபோதுதான் களைப்பின் ஒரு காரணம் பிடிபட்டது. அமெரிக்க ஆய்வாளர் கிரிஸ்டல் மெக்காலின் குழு 2015இல் காட்டியது: ஏற்பிகள் தங்களுக்குள்ளேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, எதிரி வராதபோதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. திருடனே இல்லாத தெருவில் விடிய விடிய விசில் ஊதி, திருடன் வரும் நேரம் தூங்கிவிடும் கூர்க்கா மாதிரி. ஏற்பியின் உள்பகுதியில் சமிக்ஞையைக் கூட்டும் சி.டி.28 என்ற துண்டுக்குப் பதிலாக 4-1பிபி என்ற துண்டை வைத்தால் இந்தக் களைப்பு குறைந்தது. நீடிக்கவைக்கும் முயற்சிகளில் பாதி இப்படிப்பட்ட உள்வேலைதான்.

ரோம் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்த ஜி.டி.2 கார்-டியை நியூரோபிளாஸ்டோமா உள்ள 27 குழந்தைகளுக்குக் கொடுத்தது. 2023இல் வெளியான முடிவுகளின்படி 63 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. ஒன்பது பேரிடம் நோயின் தடயமே இல்லாமல் போனது. ஆனால் என்னை அசைத்தது வேறு செய்தி. ஹூஸ்டனில் 2004க்கும் 2009க்கும் இடையே, கூடுதல் துண்டு எதுவும் இல்லாத முதல் தலைமுறை ஜி.டி.2 கார்-டியைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பலருக்கு நோய் திரும்பி இறந்துபோனார்கள். ஒரு பெண் மட்டும் வேறு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் 18 வருடங்களுக்கு மேலாக நோயின்றி இருக்கிறார், தாயாகவும் ஆகிவிட்டார் என்று 2025இல் கட்டுரை வந்தது. ஆக எளிய வடிவமும் நீடித்திருக்கிறது. ஏன் அவருக்கு மட்டும்? இதற்கு விடை கிடைத்தால் நான் உடனே லேபுக்குத் திரும்பிவிடுவேன்.

டி செல்லையும் புற்றுசெல்லையும் சேர்த்துப் பிடிக்கும் இருமுனை மருந்துகளும் உண்டு. அவற்றில் 'நீடிப்பது' என்றால் அர்த்தமே வேறு. மருந்து உடம்பில் தங்க வேண்டும். இரத்தப் புற்றுக்கான பிளினடுமோமாப் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால் 28 நாள் இடைவிடாமல் ஏற்றுகிறார்கள். எதிர்ப்பொருளின் வால் பகுதியை ஒட்டினால் அது நாள்கணக்கில் தங்கும். சர்க்கரையைப் பிடிப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒற்றைப் பிடி ரொம்பப் பலவீனம். பல பிடிகள் சேர்ந்தால்தான் வெல்க்ரோ மாதிரி ஒட்டும்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். செல்லின் மேற்பரப்பில் உள்ள மியூசின்-1 என்ற புரதத்தின் மேல் இருக்கும் டி.என்.னைத் தாக்கும் கார்-டி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எலிகளின் கணையப் புற்றில் வேலை செய்தது 2016இல் வெளியானது. எலியில் கிடைத்ததை மனிதருக்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது. கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு சுவர் மாதிரி இருக்கும், செல்கள் உள்ளே நுழைவதே பெரும்பாடு. இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி இரத்தப் புற்றுக்கானது, அதன் குறியும் சர்க்கரை இல்லை. அதனால் இப்போது கொடுக்கும் கீமோவை இதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வில் சேரலாமா என்று ஆன்காலஜிஸ்டிடம் கேளுங்கள். இங்கே மருந்து ஆய்வுகள் எல்லாம் 2009 முதல் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதிவு எண்ணைச் சொல்லாமல் "புது இம்யூனோதெரபி" என்று பணம் கேட்பவரிடம் ரிப்போர்ட்டைக்கூடக் காட்ட வேண்டாம்.