ஊசி பயாப்சியில் ஒரே ஒரு குழாய்: தென்காசி டாக்டருக்கு

வணக்கம் டாக்டர். மார்பக ஊசித் துணுக்கில் (ஊசியால் எடுத்த சதைத் துண்டில்) ஒரு பால் குழாய் மட்டும் செல்களால் நிறைந்திருக்கிறது. சாதாரணப் பெருக்கமா, அட்டிப்பிக்கலா (இயல்பு மாறிய பெருக்கம்), டிசிஐஎஸ்ஸா (குழாயைத் தாண்டாத ஆரம்பப் புற்றுநோய்) என்று தெரியவில்லை, லேபில் கேட்க ஆளுமில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

இதில் தடுமாறுவது உங்கள் குறையே இல்லை. 1991-இல் வெளியான ஆய்வில், நோய்க்குறியியல் நிபுணர் ரோசாய் இப்படிப்பட்ட 17 கேஸ்களை ஐந்து நோய்க்குறியியல் நிபுணர்களிடம் சுற்றுக்கு விட்டார். ஒன்றில்கூட ஐந்து பேரும் ஒத்துப்போகவில்லை.

சிகே 5/6 (ஒரு செல் புரதம்), ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) இரண்டையும் காட்டும் சாயங்களைச் சேர்த்தே போட்டுப் பாருங்கள். சிகே திட்டுத்திட்டாகவும் ஈஆர் கூடியும் குறைந்தும் இருந்தால் சாதாரணப் பெருக்கம். சிகே அறவே இல்லாமல், ஈஆர் எல்லாச் செல்லிலும் ஒரே அழுத்தமாகப் பிடித்தால் அட்டிப்பிக்கல் பக்கம். ஆனால் அப்போக்ரைன் செல்லிலும் (வியர்வைச் சுரப்பிச் செல் போல மாறிய மார்பகச் செல்) சிகே பிடிக்காது; எச்&இ என்ற வழக்கமான சாயத்தில் செல்லின் முகத்தைப் பார்க்காமல் இந்தச் சிறப்புச் சாயங்களை நம்பாதீர்கள்.

லோ கிரேடு (தீவிரம் குறைந்த) தோற்றம், அளவு 2 மி.மீ.-க்குள் என்றால் ஊசித் துணுக்கில் டிசிஐஎஸ் என்று எழுத வேண்டாம். அட்டிப்பிக்கல் என்று எழுதி, அந்த இடத்தை அறுத்தெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு எழுதும் ஒரு வார்த்தையில் ஒரு பெண் மார்பையே இழக்கலாம்.

சிஎம்இ (டாக்டர்களுக்கான தொடர்கல்வி வகுப்பு) போயும் பயனில்லை என்றீர்களே, அது எனக்கும் நடந்ததுதான். ஸ்லைடைக் கண்டதும், பேச்சாளர் வாய் திறக்கும் முன் உங்கள் முடிவை நோட்டில் எழுதிவிடுங்கள். தப்பாகப் போனவற்றை மட்டும் மாதம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். உங்கள் கேஸின் ஸ்லைடைத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜுக்கு நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) மறக்காமல் எடுத்துப் போங்கள்.