தொட்டில் எந்த அறையில்?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். கும்பகோணத்திலிருந்து அப்பா (71), அம்மா (66) ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு கால்வெஸ்டனிலிருந்து 7 இரவு கரீபியன் குரூஸ் பதிவு செய்துவிட்டோம். ஜமைக்காவில் ஃபால்மத், அடுத்து கிராண்ட் கேமன், பிறகு மெக்சிகோவின் கோசுமெல். மற்ற மூன்று நாளும் முழுக்கக் கடல். டன்ஸ் ரிவர் அருவி ஏறுவது, ஸ்டிங்ரே சிட்டி, கோசுமெல்லில் இறங்கி துலும் என்று எக்ஸ்கர்ஷன்களை (கரையில் இறங்கிச் சுற்றும் பயணங்களை) யோசித்து வைத்திருக்கிறோம். கடல் நாட்களில் நானும் மனைவியும் ஸ்பா போகலாம் என்று எண்ணம். தெர்மல் சூட் (நீராவி அறை, சூடான ஓட்டுப் படுக்கைகள் உள்ள ஸ்பா பகுதி) வாரப் பாஸ் வாங்கலாமா? மசாஜை எந்த நாளில் போடலாம்? எக்ஸ்கர்ஷனைக் கப்பல் மூலமாக எடுப்பதா, வெளியிலா? பெற்றோர் இருவரும் சைவம். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. அதிகம் நடக்க மாட்டார். எங்களுக்கு பால்கனி அறை, அவர்களுக்கு இன்சைட் அறை. இரண்டு வயதுப் பையனின் தொட்டிலை அவர்கள் அறையிலேயே போடச் சொல்லிவிட்டோம். அம்மாவே, “நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சுத்திட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.
பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்: தம்பி, அருவிக்கும் மசாஜுக்கும் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் தொட்டில்.

நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை மணிக்கணக்கில் கூட்டிப் பாருங்கள். ஃபால்மத்திலிருந்து டன்ஸ் ரிவருக்குப் போய்வர பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருவியும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஸ்டிங்ரே சிட்டிக்கு நான்கு. துலுமுக்கு எட்டு. மூன்று கடல் நாளிலும் ஸ்பாவில் மும்மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது. ஆக மொத்தம் 27 மணி நேரம். இதற்கு மேல் ஏழு இரவும் பையன் அவர்கள் அறையில்தான் தூங்கப் போகிறான், அங்கேதான் நடு ராத்திரியில் எழுந்து அழப்போகிறான். சம்பளம் வாங்காத ஆயாவாகத்தான் உங்கள் அம்மா இந்தக் கப்பலில் ஏறுகிறார்.

அம்மாவே சொன்னார் என்கிறீர்கள். சொல்லத்தான் செய்வார். மகனும் மருமகளும் எதையோ கணக்குப் போட்டுத் தவிப்பதைப் பார்த்தால், கேட்பதற்கு முன்பே “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்கிற தலைமுறை அது. சொன்ன உடனே பிடித்துக்கொண்டு தொட்டிலுக்கு இடமும் குறித்துவிட்டீர்களே, அதுதான் தவறு. இந்தக் கடிதம் ஊர் மாறி, கப்பல் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அம்மா “தானாகவே” முன்வந்திருப்பார்.

இன்சைட் அறை எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? 150 முதல் 180 சதுர அடி. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச இடத்தைத் தொட்டில் அடைத்துக்கொள்ளும். முழங்கால் வலிக்காரர் இரவில் அதைச் சுற்றிக்கொண்டு போய், உயர்ந்த குளியலறை வாசற்படியை ஆடும் கப்பலில் தாண்ட வேண்டும். பகலில் பையனை வெளியே கொண்டுபோய் விளையாட்டுக் காட்டலாம் என்றாலும் வழி குறைவு. டயப்பர் போடும் குழந்தையைக் கப்பலின் நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் கிடையாது, அது அமெரிக்கச் சுகாதார விதி. கிட்ஸ் கிளப்பில் பெரும்பாலும் 3 வயது ஆகியிருக்க வேண்டும். பஃபேயில் ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் துறுதுறு பையன். இதை உங்கள் அம்மாவின் தலையில் கட்டிவிட்டு நீங்கள் வெந்நீர்த் தொட்டியில் சாய்ந்திருக்கப் பார்க்கிறீர்கள்.

பேரனோடு இருப்பது பாட்டிக்குச் சந்தோஷம்தான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் ஹூஸ்டன் வீட்டிலும் நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க அவனைப் பார்ப்பது யார்? கடிதத்தில் இல்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெற்றவர்களைக் கடல் தாண்டி அழைத்து வந்து ஊர் காட்டுவது மகனின் கடமை. அதைச் செலவுக்கணக்கில் மட்டும் முடித்துவிட முடியாது.

ஆகவே இதைச் செய்யுங்கள். கப்பல் நிறுவனத்துக்கு இன்றே போன் செய்து தொட்டிலை உங்கள் அறைக்கு மாற்றுங்கள். பால்கனி அறையை அப்பா அம்மாவுக்குக் கொடுங்கள். பதிவை மாற்ற முடியாவிட்டாலும், கப்பலில் ஏறியதும் கெஸ்ட் சர்வீஸில் சொன்னால் பெரும்பாலும் சாவி அட்டையை மாற்றித் தருவார்கள். அவசர காலத்தில் யார் எந்த மஸ்டர் நிலையத்துக்கு (பயணிகள் கூடும் இடத்துக்கு) போக வேண்டும் என்பதை மட்டும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்சைட் அறை போதும், குழந்தைக்கு இருட்டில் நல்ல தூக்கம் வரும். சில கப்பல்களில் 6 மாதம் முதல் 3 வயது வரையான குழந்தைகளுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நர்சரி உண்டு. சில நிறுவனங்கள் 2 வயதிலேயே கிளப்பில் சேர்த்துக்கொள்ளும். உங்கள் கப்பலில் எது என்று கேளுங்கள். நர்சரி இடங்கள் ஏறிய முதல் நாளே தீர்ந்துவிடும், சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே போய்விடுங்கள்.

அம்மாவிடம் வாரம் முழுவதற்கும் இரண்டே இரண்டு முறை உதவி கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டும் எப்போது என்று கீழே வருகிறது.

ஃபால்மத்தில் டன்ஸ் ரிவரை விடுங்கள். சுமார் 180 மீட்டர் நீளம் வழுக்குப் பாறையில், முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்துக்கொண்டு ஏறுவது அது. கைக்குழந்தைக்கும் ஆகாது, முழங்காலுக்கும் ஆகாது. ஃபால்மத்துக்குப் பக்கத்திலேயே மார்த்தா ப்ரே ஆறு இருக்கிறது. முப்பது அடி மூங்கில் தெப்பம், ஒன்றுக்கு இரண்டு பெரியவர்கள். பின்னால் பலகை இருக்கை, முன்னால் நின்று ஒருவர் கழியால் தள்ளுவார். மரநிழலில் சுமார் மூன்று மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல். தெப்பம் நீர்மட்டத்தோடு இருப்பதால் ஏற இறங்கக் கை கொடுத்தால் போதும். அப்பாவும் அம்மாவும் ஒரு தெப்பத்தில் தனியாகப் போகட்டும். இத்தனை வருடத்தில் யாருக்கும் சோறு போடாமல், யாரையும் கவனிக்காமல் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் எது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையைத் தெப்பத்தில் ஏற்றுவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒருவர் கரையில் இருங்கள்.

கிராண்ட் கேமனில் கப்பல் கரையில் கட்டாது. ஜார்ஜ் டவுனுக்கு எதிரே கடலில் நிற்கும். டெண்டர் என்கிற சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். கப்பலும் ஆடும், படகும் ஆடும், நடுவே ஓர் எட்டு. ஊழியர்கள் இருபுறமும் கை பிடிப்பார்கள். ஆனாலும் முழங்கால் மடங்காதவருக்கு அது எளிதல்ல. டிசம்பரில் வடமேற்குக் காற்று எழும்பினால் தென்கரையில் உள்ள ஸ்பாட்ஸ் துறைக்கு மாற்றுவார்கள், சில நாள் தீவையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா கப்பலில் இருக்க ஏற்ற நாள் இதுதான். முதல் உதவியை இங்கே கேளுங்கள்: காலையில் நான்கு மணி நேரம். அப்பாவும் கூட இருக்கட்டும். நீங்கள் இருவரும் ஸ்டிங்ரே சிட்டி போய்வாருங்கள். இடுப்பளவு நீரில் மணல் திட்டு. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் திருக்கையை மிதிக்க மாட்டீர்கள், அதன் வால் முள்ளும் குத்தாது. இதை மட்டும் கப்பல் மூலமே எடுங்கள். வெளியில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் டெண்டர் வரிசையில் கப்பல் எக்ஸ்கர்ஷன்காரர்களைத்தான் முதலில் இறக்குவார்கள். வெளியில் பதிவு செய்தவர் படகைத் தவறவிட்டுக் கரையில் நிற்பார். மதியம் திரும்பியதும் குழந்தையை உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.

துலும் கோசுமெல் தீவில் இல்லை. பிளாயா டெல் கார்மென் வரை ஃபெர்ரியில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், திரும்ப அதே பாடு. குளிர்கால வடகாற்றில் அந்த ஃபெர்ரியில் வாந்தி எடுக்காதவர் குறைவு. போய்ச் சேர்ந்தால் நிழலே இல்லாத இடம். மாயா இடிபாடு பார்க்கத்தான் வேண்டும் என்றால் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. அங்கும் கரடுமுரடான பாதைதான். அம்மாவோடு போக சங்கனாப் பூங்கா சரி. துறையிலிருந்து டாக்ஸியில் கொஞ்ச நேரம், விலை முன்கூட்டியே நிர்ணயித்தது. நிழல், உட்கார இடம், ஓரத்தில் அமைதியான கடல். இதற்குக் கப்பல் எக்ஸ்கர்ஷன் தேவையில்லை. நீர்மூழ்கிப் பயணம் என்று ஆசை காட்டுவார்கள். செங்குத்தான ஏணியில் இறங்க வேண்டும், அம்மாவை அதில் ஏற்றாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. டிசம்பரில் இந்த மூன்று இடங்களின் கடிகாரமும் கால்வெஸ்டனை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் தன் நேரத்தை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். உங்கள் போன் கரையில் தானாகவே மாறிக்கொள்ளும். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள், வெளியில் பதிவு செய்யும் எதற்கும் “கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா” என்று கேளுங்கள். கப்பல் தன் எக்ஸ்கர்ஷன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும். உங்கள் டாக்ஸிக்காகக் காத்திருக்காது.

இனி ஸ்பா. வாரப் பாஸ் வேண்டாம். சில நூறு டாலர் கொடுத்து வாங்கினால், அதற்காகவே தினமும் போய் உட்காரத் தோன்றும்; கடல் நாட்களில் அந்தச் சூடான ஓட்டுப் படுக்கைகளுக்கு எல்லாரும் வருவார்கள். மசாஜ் விலை கடல் நாளில் உச்சம், துறைமுக நாளில் தள்ளுபடி கிடைக்கும். ஃபால்மத் அன்று தெப்பம் முடிந்து திரும்பியபின், பையன் மதியம் தூங்கும் நேரத்தில் இருவருக்கும் 50 நிமிட மசாஜ் போடுங்கள். அம்மாவிடம் கேட்கும் இரண்டாவது உதவி இது, ஒன்றரை மணி நேரம். கடற்கரை போய்வந்த அன்று மசாஜ் கூடாது, வெயிலில் வெந்த தோலில் எண்ணெய் தேய்த்தால் எரியும். ரசீதில் 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் பெரும்பாலும் முன்னமே சேர்ந்திருக்கும், கீழே இருக்கும் காலி வரியில் இரண்டாம் முறை எழுதாதீர்கள். மசாஜ் முடிந்ததும் கிரீம், கடற்பாசிப் பொடி என்று விற்பார்கள். தொடங்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

கேமன் அன்று மதியம் உங்கள் அம்மாவுக்கு ஒரு பாத மசாஜ் பதிவு செய்யுங்கள். பெண் ஊழியர் வேண்டும் என்று சொல்லுங்கள். உடை மாற்றக் கூச்சப்படுவார், பாதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உடல்நலப் படிவத்தில் சர்க்கரையை மறைக்காமல் எழுத வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, அதனால் ஹாட் ஸ்டோன் (சூடான கல் வைக்கும் மசாஜ்) வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் சானாவும் நீராவி அறையும் வேண்டாம், தலைசுற்றி விழுவார்.

சாப்பாட்டுக்கு, ஏறும் முன்பே இந்தியச் சைவம் என்று பதிவில் குறிக்கச் சொல்லுங்கள், முதல் இரவே தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து மறுநாள் மெனுவைப் பேசுங்கள். மெக்சிகோவில் மசித்த பீன்ஸைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே வழக்கம். கரைக்குப் பழமோ சமைத்த உணவோ கொண்டுபோக முடியாது, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோகலாம்.

காகித விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது கால்வெஸ்டனில் புதிதாக நுழைபவர்களாகத்தான் சோதிப்பார்கள். மூன்று துறைமுகத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் எச்1பி விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை காலாவதியாகியிருந்தால், குடியேற்றத் துறை தந்த ஐ-797 ஒப்புதல் காகிதத்தை நம்பி ஏறாதீர்கள். காலாவதியான முத்திரையோடு திரும்ப விடும் சலுகை கனடா, மெக்சிகோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்புபவர்களுக்கு. ஜமைக்காவும் கேமனும் அதில் சேராது. அப்பா அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் அமெரிக்காவுக்கு வெளியேயும் கப்பல் மருத்துவமனையிலும் செல்லுமா என்று பாருங்கள், செல்லாவிட்டால் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். துறைமுக வரிசையில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பே கேட்டு வையுங்கள். பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகும். அவருடைய மாத்திரைகள், இன்சுலின் எடுப்பவர் என்றால் அது, பையனின் டயப்பர், ஒரு மாற்றுடை எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், அவருடைய கைப்பையில் அல்ல.