இடது ஃப்ளிப்பர் மட்டும் சோர்ந்து போனால்

வணக்கம். 1970-களின் பழைய ரிலே பின்பால் மெஷின் (சாய்ந்த மேடையில் பந்தை அடித்து விளையாடும் பெட்டி), அதன் இடது ஃப்ளிப்பர் (பந்தை அடிக்கும் துடுப்பு) பந்தைப் பாதி மேடைக்குமேல் ஏற்றுவதில்லை, வலது நன்றாக அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலது சரியாக இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடுங்கள். ஃப்ளிப்பரை இயக்கும் காயிலும் (மின்காந்தச் சுருள்) பெரும்பாலும் குற்றவாளி இல்லை. புதிது வாங்க அவசரம் வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ளிப்பருக்கு அடியில் உள்ள எண்ட் ஆஃப் ஸ்ட்ரோக் சுவிட்சை, அதாவது ஃப்ளிப்பர் முழுதும் எழும்பியதும் திறக்கும் சுவிட்சைப் பாருங்கள். அந்தக் காயிலில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: அடிப்பதற்கு ஒன்று, தூக்கிய நிலையில் பிடித்து வைக்க மெல்லிய கம்பியில் இன்னொன்று. சுவிட்ச் மூடியிருக்கும்வரை மின்சாரம் மெல்லிய சுற்றைத் தவிர்த்துப் போகும். முழு பலமும் கிடைக்கும். சுவிட்சின் தொடு முனைகள் கருகியிருந்தாலோ, சுவிட்ச் சீக்கிரமே திறந்தாலோ அடி சப்பென்று ஆகிவிடும். ஃப்ளிப்பர் கடைசி இடத்துக்கு வரும்போதுதான் அது திறக்க வேண்டும். இடைவெளி 2-3 மி.மீ. போதும். திறக்கவே இல்லையென்றால் காயில் எரிந்துவிடும், கவனம். டங்ஸ்டன் முனை என்பதால் உப்புத்தாள் சரிப்படாது, மெல்லிய அரம்தான். கேபினட் பொத்தானின் சுவிட்சிலும் இதே மின்சாரம் ஓடுகிறது, அதையும் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் பிளஞ்சர், காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு. அதன் நுனி காளான்போல் விரிந்திருந்தால், அது ஓடும் குழாயான ஸ்லீவில் சிக்கும். ஸ்லீவை மாற்றிவிடுங்கள், விலை அற்பம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள்! நான் விட்டேன்; தூசியோடு சேர்ந்து பசையாகி, இரண்டே வாரத்தில் முன்னைவிட மோசம்.

சுவிட்ச் முனைகள் எப்படி இருந்தன என்று சொல்லுங்கள்.